சீனர் சாட்சி செல்லாது

எங்கள் ஊர்த் தியேட்டரில் ஒரு காலத்தில் ஞாயிறு பிற்பகல்களில் கவ்போய் படங்கள் ஓடும். கலரி வாங்குகளில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்ப்போம். ஆங்கிலம் விளங்காது, விளங்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. குதிரை, துப்பாக்கி, புழுதி, கடைசியில் ஷெரிப்பின் நீதி. இவ்வளவுதான் கதை. அப்படங்களில் எப்போதாவது ஒரு சீனன் வருவான். நீண்ட பின்னலோடு துணி வெளுத்துக்கொண்டிருப்பான்; அல்லது சமைத்துக்கொண்டிருப்பான். யாராவது ஒருவன் அந்தப் பின்னலைப் பிடித்து இழுப்பான். கலரி முழுவதும் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். அடுத்த காட்சியில் அந்தச் சீனன் இருக்கமாட்டான்.

அவன் எங்கே போனான் என்று கேட்பதற்கு எனக்கு நாற்பது ஆண்டுகள் பிடித்தன. ஜீன் ஃபேல்சர் என்ற ஆய்வாளர் 2007இலும், பெத் லியூ-வில்லியம்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 2018இலும் வெளியிட்ட நூல்கள் இவ்விடயத்தில் என் கண்ணைத் திறந்தவை. 1885, 1886 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மாத்திரம் அமெரிக்க மேற்கில் குறைந்தது 168 ஊர்களிலிருந்து சீனர்கள் துரத்தப்பட்டார்கள் என்று லியூ-வில்லியம்ஸ் எண்ணிக் கணக்கெடுத்திருக்கிறார். துரத்தல், எரிப்பு, தூக்கு, சுட்டுக் கொல்லல் என்று பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டு போகையில் ஒரு கேள்வி என்னை விடாமல் உறுத்தியது. இவ்வளவு கொலைகள் நடந்தனவே, கொலைகாரர்களில் தண்டனை பெற்றவர்கள் எத்தனை பேர்? விடையைத் தேடிப் போனால் கதை துப்பாக்கியில் தொடங்கவில்லை. ஒரு நீதிமன்றத் தீர்ப்பில் தொடங்குகிறது.

கலிபோர்னியாவில் தங்கம் அகப்பட்ட செய்தி பரவியதும் தென்சீனத்துக் குவாங்டொங் மாகாணத்திலிருந்து இளைஞர்கள் கப்பலேறினார்கள். அந்நாட்டை அவர்கள் தங்கமலை என்று அழைத்தனர். 1852ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 20,000 பேர் வந்திறங்கினர். வந்தவர்களை வரவேற்றது வரி. அந்நியச் சுரங்கத் தொழிலாளர் வரி என்ற பெயரில் அதே ஆண்டில் மாதம் 3 டொலர், அடுத்த ஆண்டில் 4 டொலர். சட்டத்தில் அந்நியர் என்று பொதுவாக இருந்தாலும் பிடித்துக் கறந்தது பெரும்பாலும் சீனரைத்தான். 1862இல் வந்த இன்னொரு வரிச் சட்டம் பூசி மெழுகவில்லை. சீனக் 'கூலி' உழைப்பின் போட்டியிலிருந்து சுதந்திர வெள்ளை உழைப்பைப் பாதுகாப்பதற்கான சட்டம் என்று தலைப்பிலேயே எழுதிவிட்டார்கள். மாதம் இரண்டரை டொலர். ஒரு சீனர் வழக்காடி 1863இல் அதை விழுத்தினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் வாய் மூடி இருந்தவர்கள் அல்லர்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றி. ஆங்கிலேயனின் அந்தக் 'கூலி' எங்கிருந்து போனது என்பதில் அகராதிக்காரரிடையே வழக்குண்டு. குஜராத்துப் பக்கம் காட்டுவோரும் உளர்; நமது தமிழ்க் கூலிதான் என்போரும் உளர். தமிழ்ச் சொல்தான் என்றால் அது கப்பலேறிப் போன வழியில் அதன் பொருள் மாறியிருக்கிறது. நம்மிடம் கூலி என்பது உழைத்தவனுக்குச் சேரவேண்டிய பணம். கலிபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அது பணமல்ல, மனிதன். அதுவும் மனிதரில் மட்டமான ஒருவன்.

தீர்ப்புக்கு வருகிறேன். 1853இல் கலிபோர்னியாவின் நெவாடா கவுண்டியில் லிங் சிங் என்ற சீனச் சுரங்கத் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் ஜோர்ஜ் ஹோல் என்ற வெள்ளையன். கண்ணால் கண்ட சீனர்கள் நீதிமன்றத்தில் வந்து சொன்னார்கள். யூரிகள் நம்பினார்கள். ஹோலுக்கு மரண தண்டனை. இவ்வளவோடு முடிந்திருந்தால் எல்லைப்புற நீதியைப் பற்றி நாம் நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம். ஹோல் மேன்முறையீடு செய்தான். வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பரோ கலப்பினத்தவரோ செவ்விந்தியரோ சாட்சி சொல்லக்கூடாது என்று 1850ஆம் ஆண்டுச் சட்டமொன்று இருந்தது. அதில் சீனர் என்ற சொல் இல்லை. இல்லாத சொல்லை எப்படி உள்ளே கொண்டுவருவது?

பிரதம நீதியரசர் ஹியூ மரே அதற்கொரு வழி கண்டார். முப்பது வயதும் நிரம்பாதவர். கொலம்பஸ் கரையிறங்கியபோது தான் ஆசியாவுக்கு அருகிலுள்ள தீவுகளுக்கு வந்துவிட்டதாகவே எண்ணினான். அங்கே கண்டவர்களை இந்தியர் என்றான். ஆகவே அக்காலத்தில் இந்தியர் என்ற சொல் ஆசியக் கரையோர மக்களையும் உள்ளடக்கியே வழங்கியது. ஆகவே செவ்விந்தியரைத் தடுத்த சட்டம் சீனரையும் தடுக்கிறது. இதுதான் வாதம். இது போதாதென்றால், கறுப்பர் என்ற சொல்லுக்கு வெள்ளையர் அல்லாத எல்லோரும் என்று பொருள் என்றும் ஒரு முட்டுக்கொடுத்தார். இன்று சாட்சிக் கூண்டில் ஏற விட்டால் நாளை வாக்குச் சாவடியிலும் யூரி ஆசனத்திலும் நீதிபதி ஆசனத்திலும் இவர்களைக் காண நேரிடும் என்ற அச்சத்தையும் மறைக்கவில்லை. மூன்று நீதியரசர்களில் ஒருவர் மாறுபட்டார். 1854இல் தண்டனை தள்ளுபடியாயிற்று.

ஒரு கடலோடி திசை தவறி வைத்த பெயர் மூன்றரை நூற்றாண்டு கழித்து ஒரு கொலைகாரனின் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றியது. நான் படித்த தீர்ப்புகளில் இவ்வளவு தூரம் சுற்றிவளைத்த ஒன்று வேறில்லை.

1863இல் சட்டசபை இதையே எழுத்தில் போட்டது. சீனரும் மங்கோலியரும் வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி கூற முடியாது. அதன் நடைமுறை விளைவைச் சட்டம் படிக்காதவனும் விளங்கிக்கொண்டான். பக்கத்தில் வெள்ளையர் எவரும் இல்லாத வேளை பார்த்து ஒரு சீனனை அடிக்கலாம், பறிக்கலாம், கொல்லலாம். நூறு சீனர் பார்த்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அதை யாரும் பார்க்கவில்லை. துளியும் வாய்ப்பில்லை என்பதைச் 'சீனனுக்குள்ள வாய்ப்பு' என்று சொல்லும் வழக்கொன்று அமெரிக்க ஆங்கிலத்தில் நெடுநாள் இருந்தது.

லொஸ் ஏஞ்சலிஸ் அப்போது ஏறத்தாழ 6,000 பேர் வாழ்ந்த சிற்றூர். சீனர் 172 பேர் என்கிறது 1870ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு. 1871 ஒக்டோபர் 24ஆம் திகதி இரண்டு சீனக் கூட்டத்தாரிடையே ஒரு பெண்ணைக் குறித்துத் துப்பாக்கிச் சண்டை மூண்டது. இடையில் புகுந்த றொபேர்ட் தொம்ப்சன் என்ற வெள்ளையர் சூடுபட்டு இறந்தார். சண்டையிட்டவர்களில் பலர் தப்பியோடிவிட்டார்கள். ஏறத்தாழ 500 பேர் திரண்டு, கையில் அகப்பட்ட சீனரையெல்லாம் பிடித்தார்கள். ஊரில் ஏறத்தாழப் பன்னிரண்டுக்கு ஒருவர் அந்தக் கூட்டத்தில் நின்றார் என்று கணக்குப் பார்க்கலாம். ஒரு வண்டிப் பட்டறையின் முன்தாழ்வாரம் தூக்குமரமாயிற்று. கயிறு போதாமற் போக, எதிரே தங்குவிடுதி நடத்திய பெண்ணொருத்தி துணி காயப்போடும் கொடியைக் கழற்றிக் கொடுத்தாள். 18 பேர் கொல்லப்பட்டார்கள். ஒருவன் சிறுவன்.

கொல்லப்பட்டவர்களில் சீ லோங் டொங் என்ற வைத்தியரும் ஒருவர். வெள்ளையரும் அவரிடம் மருந்து வாங்கியிருக்கிறார்கள். ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் அவர் மன்றாடினார் என்றும், தன் பணம் முழுவதையும் தருவதாகச் சொன்னார் என்றும் எழுதியிருக்கிறார்கள். தூக்கிய பிறகு மோதிரத்துக்காக விரலையே வெட்டி எடுத்தனர்.

வழக்கு நடந்தது. எல்லைப்புறத்தில் இதுவே அபூர்வம். சீனர் சாட்சி செல்லாது என்ற சட்டம் அப்போதும் உயிரோடு இருந்தபடியால், கண்டவர்களில் வாய்திறக்கக் கூடியவர்கள் வெள்ளையர் மட்டுமே. அப்படியிருந்தும் எட்டுப் பேர் மனிதப் படுகொலைக் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். இரண்டு முதல் ஆறு ஆண்டு வரை சிறை. 1873இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. காரணம், வைத்தியர் டொங்கைக் கொன்றதாகத் தொடுத்த குற்றப்பத்திரிகையில் அவர் கொல்லப்பட்டார் என்பதை எழுதத் தவறிவிட்டார்களாம். நான் இதை இரண்டு முறை வாசித்தேன். ஊரே கூடி நின்று பார்த்த மரணம் சட்டப்படி நிகழவேயில்லை. அவ்வாண்டு ஜனவரி முதல் சாட்சித் தடை கலிபோர்னியாச் சட்டத்திலிருந்து நீங்கியிருந்தது என்பது இதன் மேல் ஒரு வேடிக்கை.

இதற்கிடையில் புகையிரதப் பாதை. சியரா நெவாடா மலையைக் குடைந்து மேற்கையும் கிழக்கையும் இணைத்த சென்ட்ரல் பசிபிக் கொம்பனியின் தொழிலாளரில் பெரும்பகுதி சீனர். மொத்தத்தில் 10,000 முதல் 20,000 வரை இருக்கலாம் என்கின்றனர். வெள்ளையருக்குச் சம்பளத்தோடு சாப்பாடும் உண்டு. சீனர் தம் சோற்றைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். 1867 ஜூனில் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தபோது, கொம்பனி உணவு வருவதை நிறுத்தி ஒரே வாரத்தில் அவர்களைப் பணியவைத்தது. 1869 ஏப்ரல் 28ஆம் திகதி ஒரே நாளில் பத்து மைல் பாதை போட்டுச் சாதனை செய்தார்கள். அன்று தண்டவாளம் தூக்கிய எட்டு ஐரிஷ்காரரின் பெயர்கள் சரித்திரத்தில் உள்ளன. அவர்களோடு உழைத்த சீனரின் பெயர்கள் இல்லை. அடுத்த மாதம் 10ஆம் திகதி யூட்டாவில் இரண்டு என்ஜின்கள் முகத்தோடு முகம் பார்த்து நிற்கும் அந்தப் பிரசித்தி பெற்ற புகைப்படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறேன். போத்தலை உயர்த்திப் பிடித்த கைகள் தெரிகின்றன. என் கண்ணுக்குச் சீன முகமொன்று அகப்படவில்லை.

பாதை முடிந்தது, வேலை முடிந்தது. 1873இல் பொருளாதாரம் சரிந்தது. வேலையற்றோர் கோபம் முதலாளி மேல் திரும்பியிருக்க வேண்டியது. மலிவான கூலிக்கு வந்தவன் மேல் திரும்பியது, அல்லது திருப்பப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவில் டெனிஸ் கேர்னி என்பவர் 1877இல் சீனர் வெளியேற வேண்டும் என்ற கோஷத்தோடு தொழிலாளர் கட்சி கட்டினார். அவரும் அயர்லாந்திலிருந்து வந்த குடியேறிதான். 1882இல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. சட்டம் வந்தால் வெறி தணியும் என்று சிலர் நம்பினார்கள். வெறியோ அரசாங்கமே நம் பக்கம்தான் என்று எடுத்துக்கொண்டது.

வயோமிங்கில் றொக் ஸ்பிரிங்ஸ். யூனியன் பசிபிக் கொம்பனியின் நிலக்கரி ஊர். 1875இல் அங்கே வெள்ளையர் வேலைநிறுத்தம் செய்தபோது கொம்பனி 150 சீனரைக் கொண்டுவந்து இறக்கி, வெள்ளையரில் 50 பேரை மட்டும் திரும்ப எடுத்தது. பகைக்கு வித்திட்டது அதுதான். அந்த வெள்ளைத் தொழிலாளிக்கும் வயிறு உண்டு, அவன் முறைப்பாட்டிலும் நியாயம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. சீனரை ஆயுதமாக எடுத்தது கொம்பனி. ஆனால் அடி விழுந்தது ஆயுதத்தின் மேல். ஆயுதமோ மனிதர்கள்.

1885 செப்டெம்பர் 2ஆம் திகதி காலை 6ஆம் இலக்கச் சுரங்கத்தில் எந்த அறையில் யார் வெட்டுவது என்ற தகராறு. பிற்பகலில் ஆயுதம் தாங்கிய கூட்டம் சீனர் குடியிருப்பைச் சுற்றி வளைத்தது. மூட்டை கட்டக்கூட அவகாசமில்லை. ஓடியவர்களை ஓடையைக் கடக்கும்போது சுட்டார்கள். நிலவறைகளில் ஒளிந்தவர்கள் வீட்டோடு எரிந்தார்கள். 28 பேர் இறந்தனர். 15 பேர் காயமடைந்தனர். எழுபதுக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. தப்பியவர்கள் குன்றுகளில் இரவைக் கழித்தனர்.

ஒரு வாரத்தின் பின் அவர்களைச் சரக்குப் பெட்டிகளில் ஏற்றி, சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகிறீர்கள் என்று சொன்னார்கள். கதவு திறந்தபோது அவர்கள் நின்றது அதே றொக் ஸ்பிரிங்ஸில். சாம்பல் மேட்டில் சொந்தக்காரரின் உடல்கள் கிடந்தன. நாய்களும் பன்றிகளும் கடித்தவை போக மிச்சம். நிலுவைச் சம்பளத்தைத் தாருங்கள், போய்விடுகிறோம் என்று கேட்டார்கள். கொம்பனி கொடுக்கவில்லை. நிலக்கரி வெட்ட ஆள் வேண்டும். படையினர் காவலுக்கு நிற்க, அவர்கள் மீண்டும் சுரங்கத்தில் இறங்கினர்.

கைதானவர்கள் 16 பேர். யூரிகள் பல சாட்சிகளை விசாரித்துவிட்டு, அன்றைய தினம் எந்த வெள்ளையராவது ஒரு குற்றமேனும் செய்ததைக் கண்டதாகச் சொல்ல ஒருவரும் இல்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். பட்டப்பகலில் நடந்த சம்பவம் அது. விடுதலையாகி வந்தவர்களை ஊர் திரண்டு ஆரவாரத்தோடு வரவேற்றது.

சீனர் செய்த காரியம்தான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் பாதித்தது. நீதிமன்றம் கேளாத சாட்சியத்தை அவர்கள் எழுதினார்கள். 559 பேர் ஒப்பமிட்டு, நியூயோர்க்கிலிருந்த சீனக் கொன்சலுக்கு ஒரு மனு. அதில் புலம்பலைவிடத் தகவல்தான் அதிகம். எத்தனை மணிக்கு எந்தத் திசையிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பாலத்தில் நின்றார்கள், உடம்பைத் தடவி எவற்றைப் பறித்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். இடையில் ஒரு செய்தி. முன்னர் தங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த வெள்ளைப் பெண்களும் அன்று கைலேஞ்சி முதலான சாமான்களைத் தேடிப் பொறுக்கினார்கள். கொலையைவிட இந்தக் கைலேஞ்சி என் மனதில் தங்கிவிட்டது.

கொன்சல் நேரில் போய்ப் பிணங்களை ஒவ்வொன்றாகப் பதிந்தார். லியோ கௌ பூட், 24 வயது, 3ஆம் 4ஆம் இலக்கச் சுரங்கங்களுக்கு இடையே மலையடிவாரத்தில் கண்டெடுக்கப்பட்டார், கழுத்தில் குறுக்காகச் சூடு. இந்த மாதிரி ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, உடல் கிடந்த இடம், ஊரிலே யார் யார் இருக்கிறார்கள் என்ற விபரம். தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று எழுதினார்.

சீனத் தூதுவர் நட்டஈடு கேட்டார். அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் தோமஸ் பயார்ட் அனுதாபம் தெரிவித்தார், பொறுப்பை ஏற்கவில்லை. அவர் காட்டிய காரணங்களில் ஒன்று, அடித்தவர்களும் அமெரிக்கப் பிரஜைகள் அல்லர், அடிபட்டவர்களும் அல்லர் என்பது. அது ஓரளவு மெய். அச்சுரங்கங்களில் வெட்டிய வெள்ளையரில் பெரும்பாலோர் வேல்ஸ், இங்கிலாந்து, ஸ்வீடன் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள்தாம். 1887இல் காங்கிரஸ் 147,748 டொலர் 74 சதம் கொடுத்தது. கடனாக அல்ல, பெருந்தன்மையாக. சதக்கணக்கு வரை எண்ணிக் கொடுத்த பெருந்தன்மை!

றொக் ஸ்பிரிங்ஸ் நெருப்பு அணையு முன் மேற்குக் கரையில் வேறொரு முறை அறிமுகமாயிற்று. 1885 நவம்பர் 3ஆம் திகதி வாஷிங்டன் பிரதேசத்து டகோமாவில், ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவரான மேயர் ஜேக்கப் வைஸ்பாக் உட்பட நகரத்துப் பெரிய மனிதர்களின் முன்னிலையில், வீடு வீடாகக் கதவைத் தட்டிச் சீனரை வெளியே எடுத்தார்கள். ஏறத்தாழ 200 பேரைக் கொட்டும் மழையில் எட்டு மைலுக்கு மேல் நடத்திச் சென்று புகையிரதத்தில் ஏற்றினர். குளிரில் இருவர் இறந்தனர். மற்ற ஊர்கள் இதை 'டகோமா முறை' என்று மெச்சின. இரத்தம் சிந்தாத முறையாம். லும் மே என்ற வர்த்தகர் பின்னர் சத்தியக் கடதாசியில் சொன்னார். வர மறுத்த தன் மனைவியை வெள்ளையர் சிலர் வெளியே இழுத்தார்கள் என்றும், அந்தப் பயத்திலும் இழப்பிலும் அவள் புத்தி பேதலித்துவிட்டாள் என்றும். 27 பேர் மேல் வழக்குத் தொடுத்தார்கள். ஒருவருக்கும் தண்டனை இல்லை. நகரசபை 1993இல் வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

கடைசியாக, பாம்பாறு. ஸ்னேக் என்று அவர்கள் அழைக்கும் ஆற்றின் ஹெல்ஸ் கன்யன் என்ற ஆழ்ந்த பள்ளத்தாக்கில், ஒரேகன் கரையில், 1887இல் சீனர் சிலர் மணலை அரித்துப் பொன் எடுத்துக்கொண்டிருந்தனர். மே மாதத்தில் குதிரைத் திருடர் கும்பலொன்று அவர்களைச் சுட்டுக் கொன்று பொன்னைக் கொள்ளையிட்டது. 34 பேர் வரை எனக் கணக்கிடுகின்றனர். வெகுதூரம் கீழே லூயிஸ்டன் என்ற ஊரில் உடல்கள் கரையொதுங்கிய பிறகே வெளியுலகுக்குத் தெரிந்தது. இங்கே சாட்சி சொல்லச் சீனர் ஒருவரும் மிஞ்சவில்லை. கும்பலில் ஒருவனே அரச தரப்புச் சாட்சியாக மாறினான். தலைவன் உட்பட மூவர் ஓடிவிட்டனர். நின்ற மூவரை 1888இல் விசாரித்து யூரிகள் குற்றமற்றவர் என்றனர். வழக்கை நேரில் கண்ட பண்ணைக்காரர் ஒருவர் பின்னாளில், இத்தனை வெள்ளையரைக் கொன்றிருந்தால் ஏதாவது நடந்திருக்கும், அந்தச் சீனரை யூரிகளில் யாருக்கும் தெரியாது, கவலையும் இல்லை என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லி வைத்திருக்கிறார்.

பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் அப்பகுதியில் பேச்சில்லை. 1995இல் கவுண்டி அலுவலகத்தின் பழைய இரும்புப் பெட்டகம் ஒன்றை நூதனசாலைக்குக் கொடுப்பதற்காகத் திறந்தபோது அவ்வழக்கின் ஆவணங்கள் கிடைத்தன. கிரெகரி நோக்ஸ் என்ற பத்திரிகையாளர் அவற்றைத் தேடிப்போய் 2009இல் ஒரு நூல் எழுதினார். செத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினரின் பெயர்கள்தான் இதுவரை தெரியும். 2012இல் அந்த ஆற்றங்கரையில் கருங்கல் ஒன்று நட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்திலும் சீனத்திலும், அம்மண்ணின் பழங்குடிகளான நெஸ் பேர்ஸ் மக்களின் மொழியிலும் அதில் பொறித்திருக்கிறது. 1887இல் 34 சீனச் சுரங்கத் தொழிலாளர் வரை இங்கே கொல்லப்பட்டனர் என்றும், எவரும் பொறுப்பாளியாக்கப்படவில்லை என்றும்.